காளியும் பதினாலு ஊசியும்

எங்க ஊரு மீன்சுருட்டி. "அது எங்கப்பா இருக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்தான் வச்சிருக்கேன்: கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்துல. சென்னையிலேர்ந்து கும்பகோணம் போற பஸ்ல வந்தா சேத்தியாத்தோப்பு தாண்டி, அணைக்கரைக்கு முன்னாடி வரும். தூங்காம இருந்தா பாக்கலாம். ஜில்லா பேரு கேட்டாதான் சிக்கல். 2001ல பெரம்பலூர்லேர்ந்து பிரிச்சு அரியலூர்னாங்க, அடுத்த வருஷமே திரும்பச் சேத்தாங்க, 2007ல மறுபடியும் பிரிச்சாங்க. நாங்க மட்டும் இருந்த இடத்துலயே இருக்கோம்.

சோழன் தலைநகருக்குப் பக்கத்து ஊர்க்காரன்ங்கறதால சோழர் கதை எங்க ஓடினாலும் காதை நீட்டிட்டு நிப்பேன். அப்படிக் கிடைச்சதுதான் இந்த நாய்க் கதை. நாய் வளர்த்தா உடம்புக்கு நல்லதா கெட்டதான்னு டிவியில ஒரு பக்கம், வாட்ஸப்ல ஒரு பக்கம்னு இப்ப சண்டை நடக்குதில்லையா, அதுக்கு நம்ம சரித்திரம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்னு ஒரு முயற்சி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

முதல்ல ராஜாதித்தன். முதலாம் பராந்தக சோழனோட மூத்த பிள்ளை. ராஜராஜனோட தாத்தா அரிஞ்சயனுக்கு அண்ணன். எங்க ஊருக்குக் கிழக்கே இருக்கற வீராணம் ஏரியை வெட்டினது இவரும் இவரோட படையும்தான்னு சொல்லுவாங்க. வீரநாராயணன்ங்கறது அவங்கப்பாவோட பட்டப்பேரு, அதுதான் தேய்ஞ்சு வீராணம் ஆச்சு. பொன்னியின் செல்வன்ல வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்துல குதிரையில வர்றாரே, அதே ஏரிக்கரைதான்.

அந்த ராஜாதித்தன் தக்கோலத்துல ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோட மோதினார். அரக்கோணம் பக்கத்துல இருக்கற தக்கோலம்தான். கிருஷ்ணன் பக்கம் நின்ன கங்க மன்னன் பூதுகன் கையால, யானை மேல இருந்தபடியே செத்தார். நம்ம கல்வெட்டுகள் இவரை "ஆனைமேல் துஞ்சின" தேவர்னு மரியாதையா சொல்லும். சோழ நாடு அந்த அடியிலேர்ந்து எழுந்திருக்க ரெண்டு தலைமுறை ஆச்சு.

இந்தப் போரைச் சொல்ற முக்கியமான சாட்சி ஒண்ணு கர்நாடகத்துல இருக்கு. மாண்டியா மாவட்டம் ஆதகூர்ங்கற ஊர்ல கிடைச்ச கன்னடக் கல்வெட்டு. சக வருஷம் 872, அதாவது கி.பி. 949-50. பெங்களூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து வச்சாங்க. வேலைக்கு பெங்களூர் வந்த புதுசுல ஒரு சனிக்கிழமை, ரூம்ல கரண்ட் இல்லாத கடுப்புல அங்க போனேன். எங்க ஊர் ஏரியை வெட்டினவரைக் கொன்ன கதை இந்தக் கல்லுல இருக்குன்னு தெரிஞ்சுதான் போனேன். ஆனா கல்லுல பெருசா செதுக்கியிருக்கறது ராஜாவும் இல்ல, யானையும் இல்ல. ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்னியும் சண்டை போடுது.

விஷயம் என்னன்னா, அந்தக் கல்லு நட்டதே அந்த நாய்க்காகத்தான்! பூதுகனோட ஆள் மணலேரன்னு ஒருத்தர். தக்கோலத்துல நல்லா சண்டை போட்டார். "என்ன வேணும் கேளு"ன்னாங்க. நானா இருந்தா நிலம் கேட்டிருப்பேன், இல்லேன்னா அப்ரைசல்ல நல்ல ரேட்டிங் கேட்டிருப்பேன். அவரு கேட்டது "காளி"ங்கற வேட்டை நாயை. கிடைச்சுது. அப்புறம் ஒரு நாள் காளியை ஒரு பெரிய காட்டுப்பன்னி மேல ஏவினப்ப, பன்னியும் நாயும் ஒண்ணையொண்ணு கொன்னு ரெண்டும் செத்துப்போச்சு. மணலேரன் ஆதகூர் சிவன் கோயில்கிட்ட கல்லு நட்டு, அதுக்கு நிலமும் விட்டார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுல இருக்கற ஒரு நிபந்தனை. அந்த நிலத்தைப் பாத்துக்கற பூசாரி, இந்தக் கல்லுக்குப் பூசை பண்ணாம சாப்பிட்டா அவருக்குப் பாவம் சேரும்னு எழுதி வச்சிருக்காங்க. அதாவது பாசம் மட்டும் பத்தாது, தினமும் செய்யவேண்டிய வேலையா அதை மாத்தி, நிலம் எழுதிவச்சு, செய்யலேன்னா என்ன ஆகும்னும் சொல்லிட்டார். எங்க பாஷையில சொன்னா, கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

"கன்னடக்காரங்க நாய்க்குக் கல்லு வச்சாங்க, நாம?"ன்னு கேப்பீங்க. நாம அதுக்கும் முன்னூறு வருஷம் முந்தி. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது 7ம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு. மாடு பிடிக்க வந்தவங்களோட மோதிச் செத்த கருந்தேவக்கத்திங்கற வீரனுக்கு எடுத்த கல்லு. அவன் பக்கத்துலயே நாயும் நிக்குது. அந்த நாயோட பேரு கோவிவன்னும், அது ரெண்டு திருடனுங்களைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னும் தனியா பொறிச்சிருக்காங்க. எத்தனையோ மனுஷங்க பேரு இல்லாம போன காலத்துல ஒரு நாயோட பேரு கல்லுல நின்னுடுச்சு பாருங்க!

இதுல சும்மா செண்டிமெண்ட் மட்டும் இல்ல. அன்னிக்கு மாடுதான் சொத்து. மாடு போனா பால் போச்சு, உழவு போச்சு, குடும்பமே பட்டினி. ராத்திரி முழிச்சிருந்து அதைக் காத்தது நாய். மனுஷன் நிம்மதியா தூங்கினான்னா காரணம் வாசல்ல ஒருத்தன் தூங்கலைங்கறதுதான். நாயால மனுஷனுக்குக் கிடைச்ச முதல் ஆரோக்கியம் இந்தத் தூக்கமாத்தான் இருக்கும்னு நான் நினைக்கறேன். எங்க பக்கம் முந்திரிக்காடு வச்சிருக்கறவங்களைக் கேட்டுப்பாருங்க. கொட்டை விழற சீசன்ல காட்டுக்குள்ள கொட்டாய் போட்டுப் படுக்கறவங்க நாய் இல்லாம படுக்க மாட்டாங்க. ஆள் வந்தா ஒரு குரைப்பு, பாம்பு வந்தா வேற ஒரு குரைப்பு. எங்க அப்பாயி சத்தத்தை வச்சே எது வந்திருக்குன்னு சொல்லிடும்.

இன்னும் பின்னால போகலாம். காஷ்மீர்ல ஸ்ரீநகர் பக்கம் புர்சஹோம்ங்கற இடத்துல, புதிய கற்காலத்து மனுஷங்களோட குழிகள்ல நாய்களையும் சேத்துப் புதைச்சிருக்காங்க. ஜெர்மனியில பான் நகரத்துக்கிட்ட ஓபர்காசல்ல 1914ல கிடைச்ச புதைகுழி இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும். சுமார் 14,000 வருஷம் பழசு. ஒரு ஆண், ஒரு பெண், கூட ஒரு நாய்க்குட்டி. அந்தக் குட்டியோட பல்லை 2018ல திரும்ப ஆராய்ஞ்சவங்க, அதுக்கு டிஸ்டெம்பர்ங்கற நோய் கடுமையா வந்திருந்ததுன்னு கண்டுபிடிச்சாங்க. வாந்தி, பேதி, வலிப்பு வர்ற நோய். கவனிக்க ஆள் இல்லேன்னா குட்டி சீக்கிரம் செத்துடும். இது பல வாரம் உயிரோட இருந்திருக்கு. அப்படீன்னா யாரோ தண்ணி குடுத்து, சுத்தம் பண்ணி, சூடா வச்சுப் பாத்திருக்காங்க. வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத நோயாளிக் குட்டியை! நாய் மனுஷனைக் காப்பாத்தின கதை எல்லாருக்கும் தெரியும். மனுஷன் நாய்க்கு வைத்தியம் பாத்த கதையும் அதே அளவுக்குப் பழசுங்க.

இதையெல்லாம் அளந்து பாக்க ஆரம்பிச்சது நம்ம காலத்துல. அமெரிக்காவுல எரிக்கா ஃப்ரீட்மன் குழு 1980ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இதய நோய்க்கு ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போன 92 பேரை ஒரு வருஷம் கவனிச்சாங்க. வீட்டுல வளர்ப்புப் பிராணி வச்சிருந்த 53 பேர்ல 3 பேர் இறந்தாங்க. இல்லாத 39 பேர்ல 11 பேர். சின்னக் கணக்குதான், ஆனா உலகத்தையே திரும்பிப் பாக்க வச்ச கணக்கு. ஸ்வீடன்ல 34 லட்சம் பேரை வச்சுப் பண்ணின ஆய்வு 2017ல வந்துது. தனியா வாழறவங்கள்ல நாய் வச்சிருக்கறவங்க சாகற அபாயம், நாய் இல்லாம தனியா இருக்கறவங்களை விட 33 சதவீதம் குறைவுன்னு அதுல வந்துது. நாயும் அதை வளர்க்கறவரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாத்துட்டிருந்தா ரெண்டு பேர் உடம்புலயும் ஆக்சிடோசின் ஏறுதுன்னு 2015ல ஜப்பான்காரங்க சொன்னாங்க. தாயும் குழந்தையும் பாத்துக்கறப்ப சுரக்கற அதே சமாச்சாரம்.

இஞ்சினீயர் புத்தி சும்மா இருக்குமா? நாய் இருக்கறதால ஆரோக்கியமா, இல்ல ஆரோக்கியமா இருக்கறவந்தான் நாய் வளர்க்கறானா? நியாயமான கேள்விதான். அந்த ஆய்வுகளால இதை முழுசா பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, நாயை வச்சிருக்கறவன் காலையில எழுந்து நடந்தே ஆகணும். எங்கப்பாவுக்கு சுகர். டாக்டர் சொல்லி நடக்கலை, நான் போன்ல கத்தி நடக்கலை, அம்மா அழுது நடக்கலை. கருப்பன் வந்தப்புறம் தினமும் விடியக்காலம் மெயின் ரோடு டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றார். கேட்டா, "நான் எங்கடா நடக்கறேன், அதுதான் இழுத்துட்டுப் போவுது"ம்பார்.

இதுவரைக்கும் கதை இனிப்பு. இனிமேதான் அந்த இன்னொரு பக்கம்.

அதே எங்கப்பா 1981ல எட்டாவது படிக்கறப்ப, பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில ஒரு நாய் கெண்டைக்கால்ல கடிச்சுது. அந்த நாய் கண்டதையும் கடிச்சுட்டு மூணாம் நாள் செத்துப்போச்சு. வெறிநாய்தான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் என்ன, தொப்புளைச் சுத்தி 14 ஊசி. ஒரு நாளைக்கு ஒண்ணு. அப்பாயி தினமும் பஸ்ல கூட்டிட்டுப் போகும். ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கிக்கும், அடுத்த நாள் அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு. முப்பது வருஷத்துக்கு எங்கப்பா எந்த நாயையும் தொட்டதில்ல. சோறு போடுவார், தொட மாட்டார்.

ஏன் வயித்துல? ஏன் 14? இதைத் தேடிப்போனப்பதான் தமிழ்நாட்டு மருத்துவ சரித்திரத்துல ஒரு பெரிய அத்தியாயமே கிடைச்சுது.

ரேபிஸ் புது வியாதி இல்ல. வெறிநாய் கடிச்சவன் தண்ணியைக் கண்டு பயந்தா பிழைக்க மாட்டான்னு சுசுருதர் காலத்துலயே தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண, மருந்து இல்லையே. இந்தக் கிருமி நாயோட எச்சில்ல இருக்கு. கடிச்ச இடத்துலேர்ந்து நரம்பு வழியா மெதுமெதுவா மூளைக்கு ஏறும். வாரக்கணக்குலயும் ஆகும், மாசக்கணக்குலயும் ஆகும். மூளைக்குப் போய் அறிகுறி காட்டிட்டா அனேகமா யாரும் பிழைக்கறதில்ல, இன்னிக்கும் அப்படித்தான். ஆனா அந்த மெதுவான பயணம்தான் நமக்குக் கிடைச்ச ஒரே சந்து. அது போய்ச் சேர்றதுக்குள்ள உடம்புல எதிர்ப்பு சக்தியை ஏத்திட்டா ஜெயிச்சுடலாம். லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6ம் தேதி ஜோசப் மீஸ்டர்ங்கற ஒம்பது வயசுப் பையனுக்கு இந்த நம்பிக்கையிலதான் ஊசி போட ஆரம்பிச்சார். பையன் பிழைச்சான்.

இந்தியாவுல 1900ல இமயமலைப் பக்கம் கசௌலியில பாஸ்டர் நிலையம் ஆரம்பிச்சாங்க. தென்னாட்டுல நாய் கடிச்சா அங்கதான் போகணும். மீன்சுருட்டிக்காரன் ஒருத்தன் அந்தக் காலத்துல ரயில் மாறி மாறி கசௌலி போறதை நினைச்சுப் பாருங்க. 1902ல லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ்ங்கற வெள்ளைக்காரப் பெண் வெறிநாய்க்கடியால இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் தெற்குலயும் ஒண்ணு வேணும்ங்கற பேச்சு சூடு பிடிச்சுது. ஹென்றி ஃபிப்ஸ்ங்கற அமெரிக்கப் பணக்காரர் குடுத்த நன்கொடையில, 1907ல நம்ம குன்னூர்ல பாஸ்டர் நிலையம் திறந்தாங்க. ஊட்டி போறப்ப சிம்ஸ் பார்க் பக்கத்துல அந்தக் கட்டடத்தைப் பாத்திருப்பீங்க. போட்டோ எடுத்துட்டு வர்றோமே தவிர, அது எத்தனை லட்சம் உயிருக்கு வாசலா இருந்ததுன்னு நினைக்கறதில்ல.

1911ல கசௌலியில டேவிட் செம்பிள்ங்கறவர் செலவு குறைஞ்ச ஒரு தடுப்பு மருந்து செஞ்சார். ஆட்டோட மூளையில கிருமியை வளர்த்து, ஃபீனால் போட்டுக் கிருமியைக் கொன்னு, அந்த மூளைக் கரைசலையே ஊசியில ஏத்தறது. வீரியம் கம்மிங்கறதால நிறைய அளவு, நிறைய நாள் வேணும். அவ்வளவு மருந்தைக் கையில ஏத்த முடியாது, வயித்துலதான் இடம் உண்டு. அதுதான் தொப்புளைச் சுத்திப் போட்ட ஊசியோட ரகசியம். அதுல இன்னொரு ஆபத்தும் இருந்துச்சு. ஆட்டு மூளைச் சத்து உள்ள போனதால, சில பேருக்கு உடம்பு தன் நரம்பையே தாக்கிப் பக்கவாதம் மாதிரி ஆயிடும். இத்தனையையும் மீறி, அந்த ஊசி கோடிக்கணக்கான ஏழைங்களுக்கு இருந்த ஒரே வழி. ஆட்டு மூளை ஊசியை இந்தியா நிறுத்தினது 2004 டிசம்பர்ல. நான் ஒண்ணாவது படிக்கறப்ப வரைக்கும் அது இருந்திருக்கு மக்களே!

இன்னிக்கு செல்லுல வளர்த்த தடுப்பூசி. கையில, தோலுக்குள்ளயே கொஞ்சூண்டு, கடிச்ச அன்னிக்கு, 3ம் நாள், 7ம் நாள், 28ம் நாள்னு நாலு தடவை. கடி ஆழமா இருந்தா காயத்துலயே இம்யூனோகுளோபுலின். அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. அதுக்கு முன்னாடி காயத்தை சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். சுண்ணாம்பு, மிளகாப்பொடி, பச்சிலை எதுவும் கூடாது.

இவ்வளவு வசதி வந்தும் சாவு நிக்கலை. உலகத்துல வருஷத்துக்கு 59,000 பேர்னு உலக சுகாதார நிறுவனம் ரொம்ப நாளா சொல்லிட்டு வருது. மனுஷனுக்கு வர்ற ரேபிஸ்ல கிட்டத்தட்ட 99 சதவீதம் நாய் மூலமாத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2022-23 கணக்கெடுப்பை வச்சு வந்த ஆய்வு, நம்ம நாட்டுல வருஷத்துக்கு சுமார் 5,700 பேர்னு சொல்லுது. பழைய கணக்குகளை விடக் குறைவுதான், ஆனா ஒவ்வொண்ணும் தடுத்திருக்கக்கூடிய சாவு.

சரி, நாயைக் கொன்னா முடிஞ்சுதா? அதையும் பண்ணிப் பாத்தாச்சு. சென்னையில வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து நூறு வருஷத்துக்கும் மேல நாய்களைப் பிடிச்சுக் கொன்னாங்க. நாயும் குறையலை, நோயும் போகலை. காலியான தெருவுக்கு ஊசி போடாத புது நாய் வந்துடும், அவ்வளவுதான். ப்ளூ கிராஸ்காரங்க பல வருஷம் மல்லுக்கட்டினதுக்கு அப்புறம் 1996ல சென்னை மாநகராட்சி கருத்தடை, தடுப்பூசிங்கற வழிக்கு மாறுச்சு. 2001ல அதையே நாடு முழுக்க விதியாக்கினாங்க. ஒரு இடத்துல இருக்கற நாய்கள்ல 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுட்டா நோய் பரவற சங்கிலி அறுந்துடும்ங்கறது கணக்கு. கோவாவுல அதைச் செஞ்சு காட்டினாங்க. வருஷா வருஷம் வலையும் ஊசியுமா தெருத் தெருவா போனாங்க. நாய்களுக்கு வர்ற ரேபிஸ் 92 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2022ல ஆய்வு வெளிவந்துது.

2025 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களைப் பத்தி முதல்ல ஒரு உத்தரவு போட்டு, அதே மாசம் அதை மாத்தினப்ப நாடே ரெண்டா பிரிஞ்சு கத்துச்சு. எங்க தெருவுலயும் அப்படித்தான். அக்கா பையனுக்கு நாலு வயசு. லீவுக்கு ஊருக்கு வந்தப்ப தெருநாய் ஒண்ணு கையில கவ்விடுச்சு. நாலு ஊசி போட்டு நல்லாயிட்டான். ஆனா அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில பஞ்சாயத்து. ஒருத்தர் எல்லா நாயையும் வண்டியில ஏத்திக் காட்டுல விடணும்ங்கறார். ஒருத்தர் விஷம்ங்கறார். அக்கா அழுதுட்டே, கருப்பனையும் சேத்து அனுப்புங்கங்கறா. எனக்கு எந்தப் பக்கம் பேசறதுன்னே தெரியலை.

வயித்துல பதினாலு ஊசி வாங்கின எங்கப்பாதான் பேசினார். "அன்னிக்கு அந்த நாய்க்கு எவனாவது ஒரே ஒரு ஊசி போட்டிருந்தா எனக்கு எதுக்குடா பதினாலு?" அவ்வளவுதான். அடுத்த வாரம் கருப்பனோட சேத்து எங்க தெரு நாய் ஆறையும் கயிறு கட்டி கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். ரெண்டு நாய் ஓடிப்போயி, பிடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துபோச்சு. அந்த ஆறுக்கும் ஊசி போட்ட தேதி எங்க வீட்டுக் காலண்டர்ல இருக்கு. அடுத்த வருஷமும் அதே தேதிக்குப் போகணும்.

இந்த நீளக் கதையிலேர்ந்து எனக்குக் கிடைச்சது இதுதான். நாய் நம்மகூட இருந்தா தூக்கம் வரும், நடை வரும், தனிமை போகும். இதெல்லாம் சும்மா கிடைக்கறதில்ல, பதிலுக்கு நாம செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு. மணலேரன் அதைக் கல்லுலயே எழுதி வச்சார். நாம என்ன பண்றோம்? தெருநாய்க்கு பிஸ்கட் போட்டு, போட்டோ எடுத்து, அதோட பாசத்தை முடிச்சுக்கறோம். இல்லேன்னா கல்லெடுத்து அடிக்கறோம். வருஷத்துக்கு ஒரு ஊசிங்கறது நம்ம காலத்துப் பூசை. அதைப் பண்ணாம நாய்ப்பாசம் பேசறதும் தப்பு, நாயைத் திட்டறதும் தப்பு.

உங்க ஊர்ப்பக்கம் நாய்க்கு எடுத்த நடுகல்லோ, நாய் நிக்கற வீரக்கல்லோ இருந்தா எழுதுங்க, அடுத்த லீவுக்கு வண்டியை எடுத்துட்டு வந்துடறேன். அப்படியே உங்க தெரு நாய்களுக்கு ஊசி போட்டாச்சான்னும் சொல்லிடுங்க.